ஏது வரி?

முப்பது வயதில் ஓய்வு பெற்ற ஆசிரியை என்று என்னைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் மாலை, தேநீர், குழுப் புகைப்படம், இரண்டு பிரசங்கம், வெள்ளிக் குங்குமச்சிமிழ் என்று ஐம்பத்தைந்து வயதில் போகிறவருக்குக் கிடைப்பதெல்லாம் எனக்கும் கிடைத்துவிட்டது. என் கணவர் சுந்தரத்துக்கு நாகபுரியில் வேலை. அங்கே எனக்கு வேலை கிடைக்குமோ என்னவோ, இங்கே இருந்ததை விட்டாயிற்று. தேநீர் குடிக்கும்போது புதிதாக வந்த இரண்டு ட்யூட்டர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இலக்கிய வரலாற்று நோட்ஸ் புத்தகங்கள் இப்போது மழைக்கால ஈசல் போலப் பெருகிவிட்டன. பெண்கள் மூலநூலைத் தொடுவதே இல்லை. உங்கள் காலத்தில் எப்படி நடத்தினீர்கள், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். "உங்கள் காலத்தில்" என்று என்னை யாரும் அதற்குமுன் சொன்னதில்லை. அந்தச் சொல்லுக்காகவே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, இந்த ஊரில் சாலை என்கிற கடைத்தெருவில் அரிசி, பயறு மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒருவரும் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அப்பா சாக்கின் மேல் எழுதிய ஊர்ப் பெயரைப் படிப்பார். அது போதும் என்று நினைத்தார். நான் பள்ளிக்கூடம் போய், இண்டர்மீடியட் போய், ஆங்கில இலக்கியத்தில் ஆனர்ஸ் முடித்துவிட்டு வந்த நாளில், கடையில் வைத்தே கேட்டார்: "ஏ புள்ள, இத்தனை வருசம் வெள்ளக்காரன் பாட்டைப் படிச்சியே, இனி அதை எந்தக் கடையில நின்னு விப்பே?" ஒரு வாரத்தில் பெண்கள் கல்லூரியில் ட்யூட்டர் வேலைக்கு உத்தரவு வந்தது. அதற்கப்புறம் வருகிற வியாபாரிகளிடமெல்லாம், விலை படியாதவரிடம்கூட, "எம் மவ காலேசுல இங்கிலீசு சொல்லிக் கொடுக்கா" என்று சொல்லாமல் விடமாட்டார். பெருமையில் நான் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். அதை மறைக்கப் போவதில்லை.

எங்கள் ஆங்கிலத் துறைக்குத் தலைவி ஏலியம்மா மிஸ். கோட்டயத்துக்காரர். நெட்டையான உருவம், தோளில் ஊசி குத்திய வெள்ளைச் சேலை, வெயிலானாலும் மழையானாலும் கையில் கறுப்புக் குடை. வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு பேசமாட்டார். ஆசிரியைகளாகிய எங்களிடம் தனியே மலையாளம். திருத்துவதற்கு நீலப் பென்சில். தப்பு என்று எழுதவே மாட்டார். ஓரத்தில் செங்குத்தாக ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டைப் பார்த்த பெண்கள் திட்டு வாங்கியதைவிட அதிகமாக அழுவார்கள்.

அவர் வகுப்பு நடத்தும் முறையை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் கேட்டது அதைத்தான். உள்ளே வந்ததும் வருகைப் பதிவை எடுக்கமாட்டார். பாடப் பகுதியை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வாய்விட்டுப் படிப்பார். நடுவில் அர்த்தம் சொல்வது கிடையாது. படித்து முடித்ததும் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து வைப்பார். பிறகு ஒவ்வொரு பெண்ணும் தனக்குத் தோன்றிய ஒன்றைச் சொல்ல வேண்டும். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சொன்ன உடனே ஒரே கேள்வி வரும்: எந்த வரி? நீ சொன்னதற்கு ஆதாரம் நூலில் எந்த வரியில் இருக்கிறது, காட்டு. காட்டினால் தலையை ஆட்டுவார். காட்ட முடியாவிட்டால் அடுத்த பெண்ணைப் பார்ப்பார். எங்களிடம் மலையாளத்தில் கேட்கும்போது அது "ஏது வரி?" ஆகும். ஆசிரியைகள் அறையில் யாராவது பிரின்சிபாலுக்கு என் மேல் கோபம் என்றால்கூட, "ஏது வரி?" என்று கேட்டுச் சிரிப்போம்.

இலக்கிய இயக்கங்களின் பெயரை முதலில் சொல்வதற்கும் அவர் விடமாட்டார். பழஞ்சீர்மைக் காலம், கற்பனை எழுச்சிக் காலம் என்ற முத்திரைகளெல்லாம் கவிதைகளைப் படித்த பிறகுதான். எனக்கு இது உடனே பிடித்துப் போனது. சாலையில் எந்த வியாபாரியும் சாக்கின் மேல் எழுதியிருப்பதை நம்பி வாங்கமாட்டார். குத்தூசியைச் சாக்கில் செருகி நாலு அரிசியை வெளியே எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, வாயில் போட்டுக் கடித்த பிறகுதான் விலை பேசுவார். இதை ஒருநாள் அவரிடம் சொன்னேன். "அது சரி" என்றார். அவர் அதற்குமேல் பாராட்டினால் நாங்கள் பயப்படுவோம்.

என் முதல் வருஷத்தில் எனக்குக் கொடுத்த பாடம், குளிர்காலம் முடிந்து வெயில் திரும்பி வருவதைக் கொண்டாடும் ஒரு கவிதை. மிகவும் உருகிப் பாடம் நடத்தினேன். தேர்வுத்தாள் வந்தபோது பாதி வகுப்பு, கவிஞர் சூரியனைக் கிண்டல் செய்கிறார் என்று எழுதியிருந்தது. கூப்பிட்டுக் கேட்டால், நெய்யாற்றங்கரைப் பெண் ஒருத்தி நிதானமாகச் சொன்னாள்: "மீன மாசத்து வெயிலைப் போய் யாராச்சும் புகழ்வாங்களா டீச்சர்? வஞ்சப் புகழ்ச்சியாத்தானே இருக்கும்?" மிஸ்ஸிடம் போய் நின்றேன். பெண்களை அவர் ஒன்றும் சொல்லவில்லை. கவிதையில் குளிர் எந்த வரியில் இருக்கிறது என்று என்னைக் கேட்டார். ஒரு கிழவி கதவுத் தாழ்ப்பாளை நீக்க முடியாமல் விரைத்த விரல்களோடு நிற்கிற வரியைக் காட்டினேன். நீ அதை நடத்தவில்லையே என்றார்.

மறுநாள் சாலையில் சோடாக் கடையில் சொல்லி, உமி போட்ட சாக்கில் பெரிய ஐஸ்கட்டி ஒன்றை ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். கட்டியை உடைத்து ஆளுக்கொரு துண்டு உள்ளங்கையில் கொடுத்து, நான் படித்து முடிக்கும் வரை கீழே போடக் கூடாது என்றேன். கிழவியின் வரி வருவதற்குள் ஒருத்திக்குப் பேனா மூடியைத் திறக்கவே விரல் மடங்கவில்லை. அப்படியே எல்லோரையும் முற்றத்து வெயிலுக்குக் கூட்டிப் போய்க் கவிதையின் கடைசிப் பகுதியைப் படித்தேன். அந்த வகுப்பில் அதற்குமேல் யாரும் சூரியனைச் சந்தேகிக்கவில்லை. தரையெல்லாம் ஈரம் என்று பிரின்சிபாலிடமிருந்து எனக்கு ஒரு வசவு வந்தது. அந்த வசவை இன்றும் நான் ஒரு பதக்கம் போல வைத்திருக்கிறேன்.

இனி சீதாவின் கதைக்கு வருகிறேன். என் வேலைக்காலத்தில் கடினமான சங்கதி என்றால் அது ஒன்றுதான்.

சீதாலட்சுமி ஸ்ரீவராகத்து அக்கிரகாரப் பெண். அப்பா வேத பாராயணம் செய்கிறவர். தெருவில் பலர் முகம் சுளித்தும் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பினார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பி.ஏ. பரீட்சைக்கு முதல் தடவையிலேயே கல்லூரி அவள் பெயரை அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அதோடு படிப்பு நிற்கும், தஞ்சாவூர்ப் பக்கத்தில் பார்த்து வைத்திருக்கிற இடத்தில் கல்யாணம். பல்கலைக்கழகத்துக்கு யார் பெயரை அனுப்புவது என்று தீர்மானிக்கக் கல்லூரியில் ஒரு செலக்‌ஷன் பரீட்சை உண்டு. அதில் தேறாதவர் பெயர் போகாது.

அந்தப் பரீட்சை முடிந்து இரண்டாம் நாள் ஏலியம்மா மிஸ் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் சீதாவின் விடைத்தாள் ஒருபுறம், அச்சடித்த நோட்ஸ் புத்தகம் ஒன்று மறுபுறம். அந்த வருஷத்துப் பாடம் ஒரு பழைய துன்பியல் நாடகம். அதைப் பற்றிய கேள்விக்குச் சீதா எழுதியிருந்த பதிலில் நோட்ஸ் புத்தகத்தின் இரண்டு பக்கம் ஓர் எழுத்து மாறாமல் இருந்தது. காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் அப்படியே. அதுகூடப் பரவாயில்லை, "இதற்கு முன்பக்கத்து அடிக்குறிப்பைக் காண்க" என்பதையும் எழுதியிருந்தாள். தாளில் அடிக்குறிப்பு எங்கே இருக்கிறது?

"காப்பி" என்றார் மிஸ்.

அந்த அறைக்குக் காவல் இருந்தவள் நான். சீதா எழுதும்போது தாளைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்து உதடு அசைய அசைய எழுதுவாள். அதைச் சொன்னேன். அவர் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. பெண்ணைக் கூப்பிடு என்றார்.

சீதா வந்து நின்றாள். அவளுக்கு விஷயம் புரிந்ததும் முகம் வெளுத்தது, ஆனால் அழவில்லை. மிஸ் நோட்ஸ் புத்தகத்தைத் தம் பக்கம் விரித்து வைத்துக்கொண்டு, எங்கோ நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தின் முதல் சொல்லைச் சொன்னார். சீதா அந்த இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். பக்கம் முடிந்து, அடுத்த பக்கம் திரும்பியது. பக்க எண்ணையும் சேர்த்துச் சொன்னாள். மிஸ் நிறுத்தினார்.

"வேற மாதிரியும் சொல்லட்டுமா, மிஸ்?" என்று சீதா மெதுவாகக் கேட்டாள்.

என்ன மாதிரி என்று எங்களுக்கு விளங்கவில்லை. அவள் ஆரம்பித்தாள். முதல் சொல், இரண்டாம் சொல், இரண்டாம் சொல், முதல் சொல், மறுபடி முதல், இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று, திரும்பவும் நேராக. இப்படியே வாக்கியம் முழுவதும், ஏணியில் நாலு படி ஏறி இரண்டு படி இறங்குகிற மாதிரி, ஏற்ற இறக்கத்தோடு. வேதத்தில் ஒரு சொல்கூட நழுவாமலிருக்க அவள் அப்பாவிடம் பையன்கள் அப்படித்தான் பாடம் சொல்வார்களாம். கனம் என்று அதற்குப் பெயர். பெண்களுக்கு வேதம் கிடையாது. ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம் தினமும் கேட்டுக் கேட்டு அந்த முறை மட்டும் இவளுக்கு வந்துவிட்டது. அதை அவள் ஆங்கில விமரிசனத்தின் மேல் போட்டிருந்தாள். துன்பியல் நாயகனின் வீழ்ச்சியைப் பற்றிய அந்த வறட்டு வாக்கியம் கோயில் மண்டபத்தில் ஒலிக்கிற மாதிரி ஒலித்தது.

ஏலியம்மா மிஸ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "மதி, மதி", போதும் என்று கையைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, இவள் கள்ளி இல்லை என்றார். நான் மூச்சு விட்டேன். ஆனால் அவர் முடிக்கவில்லை. இந்தப் பதிலில் தேறியது நோட்ஸ் எழுதினவர், இந்தப் பெண் இல்லை. பூஜை விடுமுறை கழிந்து வரும்போது நாடகத்தைப் பற்றித் தனக்கென்று ஒரே ஒரு விஷயம் சொல்லட்டும். வரியோடு. சொன்னால் பெயர் போகும். இல்லையென்றால் அடுத்த வருஷம்.

அடுத்த வருஷம் என்பது சீதாவுக்குக் கிடையாது என்று எனக்குத் தெரியும். மிஸ்ஸிடம் சொன்னேன். அது தமக்கும் தெரியும் என்றார். ஆனால் நீலப் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

வராந்தாவில் சீதா என்னிடம் கேட்டாள்: "எனக்குன்னு அபிப்பிராயம் ஏது மிஸ்? ஆத்துல யாரும் இதுவரைக்கும் என்னைக் கேட்டதில்லையே."

எங்கள் வீட்டிலும் யாரும் கேட்டதில்லை. நான் கேட்காமலே சொல்லிவிடுவேன். அது ஒன்றுதான் எங்களுக்குள் வித்தியாசம். அவளிடம் இருந்த நோட்ஸ் புத்தகங்களையெல்லாம் வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நாடகத்தை மட்டும் கையில் கொடுத்தேன். உனக்குத் தெரிந்த முறையிலேயே இதை மனப்பாடம் செய், நோட்ஸை அல்ல, நாடகத்தை என்றேன். அபிப்பிராயம் தானாக வரும் என்று சொல்லிவைத்தேன். வருமா என்று எனக்கு உறுதி இல்லை.

நாடகத்தின் கதை இதுதான். ஒரு கோட்டைத் தலைவன்; அவனுக்குப் பிரியமான மனைவி. இரண்டாம் அங்கத்தின் முடிவில், பதவி போய்விடுமோ என்ற பயத்தில் மனைவியின் தம்பியையே கொல்ல உத்தரவிடுகிறான். கடைசி அங்கத்தில் போர் நடக்கிறது. இரவில், மழையில், மனைவி தனியே கோட்டை வாயிலுக்கு வருகிறாள். இருட்டில் ஆள் தெரியாத காவலன், "நீ யாருடைய மனைவி?" என்று கேட்கிறான். அவள் பதில் சொல்வதில்லை. வாயில் திறப்பதில்லை. விடியும்போது வெளியே செத்துக் கிடக்கிறாள். எல்லா நோட்ஸும் இந்த இடத்தை நாடகத்தின் பலவீனம் என்று சொல்லும். ஒரு சொல் சொன்னால் பிழைத்திருப்பாளே, ஆசிரியர் அவளைச் சாகடிப்பதற்காகவே ஊமையாக்கிவிட்டார் என்று எழுதியிருக்கும். மிஸ்ஸும் அப்படித்தான் நடத்துவார். அவர் பிரதியின் ஓரத்தில் "பலவீனம்" என்று நீலத்தில் எழுதியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

விடுமுறையில் இரண்டு தடவை ஸ்ரீவராகத்துக்குப் போனேன். முதல் தடவை சீதா முழு நாடகத்தையும் சொன்னாள். அபிப்பிராயம் மட்டும் வரவில்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. அவள் அம்மா காப்பி கொண்டுவந்தார். பெயர் அனுப்புவதாக இருந்தால் விண்ணப்பத்தில் தகப்பனார் பெயர் முழுவதும் வேண்டும், அவர் வீட்டில் இல்லை, நீங்கள் சொல்லுங்களேன் என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார்.

"நான் எப்படிச் சொல்றது? நம்ம ஊர்ப் பெருமாள் பேராக்கும். பாம்பு மேலே சயனிச்சுண்டிருக்காரே, அவர் பேர்."

"பத்மநாபனா?"

"அதே" என்றார், நான் சொன்னதில் அவருக்கே வெட்கம் வந்த மாதிரி. இந்த ஊரில் பாதி ஆண்களுக்கு அந்தப் பெயர்தான். அவர் மட்டும் அதைக் கோயிலில்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்வார் போலிருக்கிறது. நாங்கள் மூவரும் சிரித்தோம். சீதாதான் முதலில் நிறுத்தினாள். எதையோ சமையலறையில் அடுப்பில் வைத்துவிட்டு வந்தவளைப் போல எழுந்து, முற்றத்துக்குப் போய், உதடு அசைய நடந்துகொண்டே இருந்தாள். நான் விடைபெற்றதற்குக்கூடத் திரும்பவில்லை.

விடுமுறை முடிந்த முதல் நாள் மிஸ்ஸின் அறையில் மூவரும் இருந்தோம். மிஸ் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். சொல் என்றார்.

சீதா ஆங்கிலத்தில் சொன்னாள். வாயிலில் அந்த மனைவி ஊமையாக நிற்கவில்லை. பதில் சொல்லக் கூடாது என்று தீர்மானித்து நிற்கிறாள்.

"ஏது வரி?" அன்று ஏனோ மாணவியிடமே மலையாளத்தில் கேட்டுவிட்டார்.

சீதாவும் ஆங்கிலத்தை மறந்தாள். "வரி இல்லை, மிஸ். அதைத்தான் சொல்ல வந்தேன்."

மிஸ் பென்சிலைக் கையில் எடுத்தார். சீதா நிற்காமல் சொல்லிக்கொண்டு போனாள். முதல் இரண்டு அங்கத்தில் அந்த மனைவி பேசும் பேச்சிலெல்லாம் கணவன் பெயர் இருக்கிறது. கொஞ்சலாக, கேலியாக, கூப்பிடுவதாக. தம்பி செத்த பிறகு அவள் வாயில் அந்தப் பெயர் ஒரு தடவைகூட வருவதில்லை. அவனிடம் பேசுகிறாள், அவனைப் பற்றியும் பேசுகிறாள், பெயர் மட்டும் இல்லை.

"எங்காத்துல அம்மா அப்பா பேரைச் சொல்லமாட்டா. அது மரியாதை. இவ சொல்லிண்டிருந்தவ, மிஸ். சொல்லிண்டிருந்தவ நிறுத்தினா அது மரியாதை இல்லை. வாசல்ல காவக்காரன் யாரோட பெண்டாட்டின்னு கேக்கறான். அந்தப் பேரைச் சொன்னாக் கதவு திறக்கும். அவளுக்கும் தெரியும். சொல்லி உள்ளே போறதைவிட வெளியிலேயே இருக்கேன்னு நிக்கறா."

மிஸ் புத்தகத்தை நிமிர்த்தினார். மூன்றாம் அங்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாக, மனைவி பேசும் இடங்களில் மட்டும் பென்சில் முனை நகர்ந்தது. மணி அடித்தது, வெளியே பெண்கள் வகுப்பு மாறுகிற சத்தம் கேட்டு அடங்கியது. சீதா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் உள்ளுக்குள் கூடவே படித்துக்கொண்டு வருகிறாள் என்று உதடு காட்டியது. ஓரிடத்தில் மிஸ்ஸின் பென்சில் நின்றது. கணவனின் பெயர் அந்த வரியில் இருந்தது.

"அது தோழி சொல்றது, மிஸ்" என்றாள் சீதா, சுவரைப் பார்த்தபடியே.

பென்சில் மறுபடி நகர்ந்தது. கடைசிப் பக்கம் வந்ததும் மிஸ் வாயில் காட்சிக்குத் திரும்பிப் போய், ஓரத்தில் தாம் எழுதியிருந்த "பலவீனம்" என்ற சொல்லின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். அவர் படுக்கைவசமாகக் கோடு போட்டு நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு என்னிடம், "பேரு அயச்சோளு" என்றார். அனுப்பிவிடு என்று அர்த்தம். விண்ணப்பத்தில் தகப்பனார் பெயரைச் சீதாவே எழுதினாள்.

சீதா பி.ஏ. தேறினாள், மேலே படித்தாள், தஞ்சாவூர்க்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடம் போனார்கள். இப்போது என் நாற்காலியில் உட்காரப் போகிறவள் அவள்தான். என்னை எழுதச் சொன்ன அந்த இரண்டு புது ட்யூட்டர்களில் அவள் ஒருத்தி. தன்னைப் பற்றி எழுதக் கூடாது என்றும் சொன்னாள், நான் கேட்கவில்லை. போன வாரம் அவள் வகுப்பு வழியாகப் போனேன். ஒரு பெண்ணிடம், எந்த வரி என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் காட்டியதும் விடாமல், எந்த வரி இல்லை என்று அடுத்த கேள்வி கேட்டாள். பாவம், அந்தப் பெண் விழித்தாள். அடுத்த அறையிலிருந்து ஏலியம்மா மிஸ் குடையோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்பா நாகபுரிக்கு ஒரு மூட்டை அரிசி கட்டி வைத்திருக்கிறார், குத்தூசி போட்டுப் பார்த்ததுதான். அம்மாவுக்கு வேறு கவலை: புது ஊரில் நாலு பேர் நடுவில் நான் கணவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேனோ என்று. கூப்பிடத்தான் போகிறேன். சுந்தரத்திடம் இந்தக் கதை முழுவதையும் சொல்லியிருக்கிறேன். என் குரல் உயர்ந்தால் பயப்பட வேண்டாம், என் பேச்சில் உங்கள் பெயர் வருகிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்திருக்கிறேன். அவர் கணக்குத் துறைக்காரர், கவிதைக்கும் அவருக்கும் வெகு தூரம். ஆனாலும் அன்றிலிருந்து காது கொடுத்துக் கேட்கிறார்.